அஞ்சாத கப்பலும் சுதேசிக் கப்பலும்

சாத்தான்குளத்தில் கடல் கிடையாது.

செம்மண் தேரி உண்டு. பனைமரம் உண்டு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீரைக் கண்ணில் காட்டும் கருமேனி ஆறு உண்டு. அந்த ஆறு ஊரைத் தாண்டிப் போய், மணப்பாட்டில் கடலோடு கலக்கிறது. அலைச் சத்தம் கேட்க வேண்டும் என்றால் சாத்தான்குளத்துக்காரர்கள் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

ஆனால், தமிழனின் கப்பல்களைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதியவர் இந்த ஊர்க்காரர்தான்! அவர் பெயர் அ. இராகவன். "சாத்தான்குளம் இராகவன்" என்றால் தமிழ் அறிஞர்களுக்குத் தெரியும். கொற்கையைப் பற்றி எழுதினார். ஆதிச்சநல்லூரைப் பற்றி எழுதினார். "நம் நாட்டுக் கப்பற்கலை" என்ற நூலையும் எழுதினார்.

கடல் இல்லாத ஊர்க்காரருக்குக் கப்பல் மேல் ஏன் இந்த ஆசை?

காரணம் இருக்கிறது. இது பழைய திருநெல்வேலிச் சீமை. (சாத்தான்குளம் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986-ம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டம்தான்.) இந்தச் சீமையில் கொழும்புக்குக் கடை வைக்கப் போன மாமனோ, மலாயாவுக்குப் போன சித்தப்பாவோ இல்லாத தெரு அந்தக் காலத்தில் குறைவு. அவர்கள் எல்லாம் போனது கப்பலில். அவர்கள் அனுப்பிய பணம் வந்ததும் கப்பலில். கப்பல் நின்றால் பல வீடுகளில் அடுப்பும் நின்றுவிடும்.

இப்போது பிள்ளைகளிடம் "கப்பல் படம் வரை" என்றால் என்ன செய்கிறார்கள்? முதலில் பீரங்கியைத்தான் வரைகிறார்கள்! சரக்கு ஏற்றும் கப்பலை வரையும் பிள்ளை அபூர்வம். பெரியவர்களும் அப்படித்தான். போர்க் கப்பல் என்றால் நின்று பார்ப்பார்கள். சரக்குக் கப்பல் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்த மயக்கம் தெளிய வேண்டும். பீரங்கிக் கப்பலின் கதையை முழுக்கத் தெரிந்துகொண்டால் தெளிந்துவிடும்.

ஒரே ஆண்டு, இரண்டு முயற்சி

1906-ம் ஆண்டு, பிப்ரவரி 10-ந் தேதி. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் துறைமுகம். ஏழாம் எட்வர்டு மன்னரே நேரில் வந்து ஒரு புதிய போர்க் கப்பலைக் கடலில் இறக்கி வைத்தார். அதன் பெயர் "டிரெட்நாட்". "எதற்கும் அஞ்சாதது" என்று அர்த்தம்.

அதே ஆண்டு, அக்டோபர் 16-ந் தேதி. தூத்துக்குடி. ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை முயற்சியால் "சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி" பதிவு செய்யப்பட்டது. (அக்டோபர் 16 என்பது கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கில் தொங்கிய நாளும்கூட. அது 1799-ம் ஆண்டு.)

இரண்டையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்கலாம்.

சுதேசிக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள். பங்கு விற்க வ. உ. சி. ஊர் ஊராக அலைந்தார். பம்பாய் வரை போனார்.

டிரெட்நாட் கட்ட ஆன செலவு 17 லட்சத்து 83 ஆயிரம் பவுன். அன்று ஒரு பவுனுக்கு 15 ரூபாய். கணக்குப் போட்டால் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் வருகிறது. அந்த ஒரு கப்பலின் விலையில் 26 சுதேசிக் கம்பெனிகளைத் தொடங்கியிருக்கலாம்!

இரண்டுமே பிறகு அழிந்து போயின. ஒன்று எதிரியால் நசுக்கப்பட்டது. இன்னொன்று காலத்தால் நசுக்கப்பட்டது. அது எப்படி என்பதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

மரக் கப்பலின் காலம்

கடலில் படை நடத்துவது தமிழனுக்குப் புதிது அல்ல. 1025-ம் ஆண்டு வாக்கில் இராசேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரத்தை வென்றது. அந்தக் கப்பல்கள் ஆட்களையும் யானைகளையும் ஏற்றிப் போகும் வாகனங்கள். சண்டை கரையில் நடக்கும். அல்லது, கப்பலோடு கப்பலை உரசி, ஆளோடு ஆள் மோதுவார்கள்.

போர்ச்சுக்கீசியர் வந்ததும் ஆட்டம் மாறியது. அவர்கள் கப்பலின் மேலேயே பீரங்கியை ஏற்றி வந்தார்கள்! கிட்டே வராமல், எட்ட நின்று சுட்டார்கள். 1538-ம் ஆண்டு, இராமநாதபுரம் கரையில் வேதாளையில் ஒரு சண்டை நடந்தது. மரைக்காயர்களின் கப்பல் கூட்டத்தை அங்கே போர்ச்சுக்கீசியர் தோற்கடித்தார்கள். முத்துக்குளித்துறை முழுவதும் அவர்கள் கைக்குப் போனது.

நம் கடலோடிகளுக்குத் திறமை இல்லையா? இருந்தது. ஆனால் இந்தக் கடற்கரையில் பல கப்பல்கள் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டவை. சரக்கு ஏற்ற அவை போதும். மணலில் மோதினாலும் லேசில் உடையாது. ஆனால் கனமான பீரங்கி சுடும்போது ஏற்படும் உதைப்பைத் தாங்குவது வேறு சங்கதி. வாணிபத்துக்குக் கட்டிய கப்பல், யுத்தத்துக்குக் கட்டிய கப்பலிடம் தோற்றது.

பிறகு மூன்று நூற்றாண்டுகள் மரக் கப்பலும் பீரங்கியும்தான் உலகத்தை ஆண்டன. 1805-ம் ஆண்டு டிராபால்கர் சண்டையில் நெல்சன் நின்ற "விக்டரி" கப்பலில் 104 பீரங்கிகள்! பக்கவாட்டில் மாடி மாடியாக ஜன்னல் வைத்து, ஜன்னலுக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வெள்ளைக்காரக் கப்பல்களில் சிலவற்றைக் கட்டியது யார் தெரியுமா? பம்பாயில் இருந்த பார்சித் தச்சர்கள்! வாடியா குடும்பம் என்று பெயர். மலபார்த் தேக்கில் அவர்கள் செய்த கப்பல்களுக்கு அவ்வளவு மவுசு. 1813-ம் ஆண்டு அவர்கள் கட்டிய "கார்ன்வாலிஸ்" கப்பலில் வைத்துத்தான் 1842-ம் ஆண்டு சீனா தோல்வி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 1817-ம் ஆண்டு கட்டிய இன்னொரு கப்பலுக்கு "திரிகோணமலை" என்று பெயர். அது இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. 200 ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் தேக்கு சாகவில்லை!

கப்பலுக்கு இரும்புச் சட்டை

வெடிக்கும் குண்டு வந்ததும் மரக் கப்பலுக்கு ஆயுள் முடிந்தது. ஒரு குண்டு உள்ளே விழுந்து வெடித்தால் கப்பல் முழுதும் தீப்பற்றிக்கொள்ளும். எனவே பிரெஞ்சுக்காரர்கள் 1859-ம் ஆண்டு மரக் கப்பலுக்கு இரும்புத் தகட்டைச் சட்டை போல மாட்டினார்கள். மறு ஆண்டே இங்கிலாந்து முழுக்க இரும்பில் "வாரியர்" என்ற கப்பலை இறக்கியது.

1862-ம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் இரண்டு இரும்புக் கப்பல்கள் நேருக்கு நேர் மோதின. மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டன. இரண்டும் மூழ்கவில்லை! குண்டுகள் இரும்பில் பட்டுத் தெறித்து விழுந்தன.

அன்று தொடங்கியது ஒரு விபரீதப் போட்டி. பீரங்கி பெரிதானால் இரும்புத் தகடு தடிக்கும். தகடு தடித்தால் பீரங்கி இன்னும் பெரிதாகும். கப்பலும் கூடவே பெருக்கும். செலவும் பெருக்கும். பூட்டுக்காரனும் திருடனும் மாறி மாறிக் கெட்டிக்காரன் ஆவது போலத்தான் இது.

1905-ம் ஆண்டு மே மாதம் சூஷிமா கடலில் ஒரு பெரிய சண்டை. உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்த ரஷியக் கப்பற்படையை ஜப்பானியத் தளபதி டோகோ இரண்டே நாளில் ஒழித்துக்கட்டினார். ஜப்பான் இழந்தது மூன்று சிறிய டார்பிடோ படகுகள் மட்டும்! ஆசியாக்காரன் ஐரோப்பியனை வென்றான் என்ற செய்தி இந்தியா முழுவதும் பரவியது. அடிமை நாட்டுக்கு அது பெரிய டானிக். ஆனால் டோகோ நின்ற "மிகாசா" கப்பல் இங்கிலாந்தில் கட்டியது என்பதை ஆனந்தத்தில் பலர் மறந்துவிட்டார்கள்.

ராட்சதக் கப்பல்

அந்தக் காலத்தில் உலகம் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எட்ட இருந்து பெரிய குண்டு போடுகிறவனே ஜெயிப்பான்!

அந்த முடிவின் குழந்தைதான் டிரெட்நாட். முந்திய போர்க் கப்பல்களில் பெரிய பீரங்கி நான்குதான் இருக்கும். இதில் பத்து! ஒவ்வொன்றின் வாயும் 12 அங்குல அகலம். அது துப்பும் குண்டு ஒன்றின் எடை 385 கிலோ. ஐந்து நெல் மூட்டையை ஒன்றாகக் கட்டி, பல மைல் தூரம் வீசுவது போல! எடை 18 ஆயிரம் டன். வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். பழைய நீராவி இயந்திரத்துக்குப் பதில் டர்பைன் இயந்திரம் வைத்த முதல் பீரங்கிக் கப்பல் அதுதான். இவ்வளவு பெரிய கப்பலை ஒரே ஆண்டில் கட்டி, சோதனை ஓட்டத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது. வேலையில் அவர்கள் சூரர்கள்தான்!

ஆனால் ஒரு வேடிக்கை. டிரெட்நாட் பிறந்த அன்றே உலகத்தில் இருந்த மற்ற போர்க் கப்பல்கள் எல்லாம் கிழடாகிவிட்டன. இங்கிலாந்திடம்தான் அந்தப் பழைய கப்பல்கள் அதிகம்! தன் கையால் தன் சொத்தையே பழசாக்கிக்கொண்டது அந்த நாடு. ஜெர்மனியும் புதுக் கப்பல் கட்டத் தொடங்கியது. "அவன் நான்கு கட்டினால் நமக்கு எட்டு வேண்டும்" என்று 1909-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஜனங்கள் தெருவில் கூச்சல் போட்டார்கள்.

குடையும் சிறையும்

அந்த நேரத்தில் தூத்துக்குடியில் என்ன நடந்தது?

1907-ம் ஆண்டு பிரான்சில் இருந்து "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் சுதேசிக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. ஜனங்கள் சுதேசிக் கப்பலில்தான் ஏறுவோம் என்றார்கள்.

வெள்ளைக்காரனின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு வயிறு எரிந்தது. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. "இனாமாகவே வா, வந்தால் ஒரு குடையும் தருகிறேன்" என்றது வெள்ளைக்காரக் கம்பெனி!

குடை கொடுத்தும் போதவில்லை. 1908-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி வ. உ. சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலையில் தீர்ப்பு. இரட்டை ஆயுள் தண்டனை! மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் அவர் செக்கு இழுத்தார். 1911-ம் ஆண்டு கம்பெனி கலைந்தது. 1912-ம் ஆண்டு டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை, வக்கீல் பட்டமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுதேசிக் கப்பலை அழிக்க ஒரு பீரங்கிகூட வெடிக்கவில்லை! கட்டணம் போதும். போலீஸ் போதும். கோர்ட்டு போதும். கடலை ஆள்வது சரக்கும் பயணியும்தான் என்பது வெள்ளைக்காரனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் இரண்டே இரண்டு கப்பல்களைக் கண்டு அப்படிப் பயந்தான்.

டிரெட்நாட் என்ன செய்தது?

1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் வந்தது. சென்னைக்கும் வந்தது!

செப்டம்பர் 22-ந் தேதி இரவு. ஜெர்மனியின் "எம்டன்" கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் உயிர் இழந்தார்கள். பட்டணமே மூட்டை கட்டியது. சாமர்த்தியசாலியை "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கம் அன்று பிறந்தது. ஐகோர்ட்டு மதில் பக்கம் அதன் நினைவுக் கல் இருக்கிறது.

எம்டன் பெரிய பீரங்கிக் கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு! டிரெட்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் எடை. அந்தச் சின்னக் கப்பல் 20-க்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது. கடைசியில், நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவு அருகில் ஆஸ்திரேலியாவின் "சிட்னி" கப்பல் அதைச் சிதைத்தது.

சரி, ராட்சதக் கப்பல்கள்? அவை 1916-ம் ஆண்டு மே 31-ந் தேதி ஜட்லண்ட் கடலில் மோதின. இரு பக்கமும் சேர்த்து 250 கப்பல்கள். ஒரு லட்சம் ஆட்கள். ஒரு நாள்கூட முடியவில்லை. 8,600-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். யார் ஜெயித்தார்கள் என்று இன்றும் புத்தகம் எழுதிச் சண்டை போடுகிறார்கள்! அதற்குப் பிறகு ஜெர்மன் பீரங்கிக் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. 1919-ம் ஆண்டு, சரண் அடைந்த நிலையில், ஜெர்மானியரே தங்கள் கப்பல்களுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். ஒரே நாளில் 52 கப்பல்கள்!

டிரெட்நாட் அந்த ஜட்லண்ட் சண்டையில் இல்லவே இல்லை. அது ரிப்பேருக்குப் போயிருந்தது. அதன் வாழ்நாளில் அது மூழ்கடித்தது ஒரே ஒரு கப்பலை. ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி! அதையும் பீரங்கியால் சுடவில்லை. மோதி மூழ்கடித்தது!

1921-ம் ஆண்டு டிரெட்நாட்டைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். டன்னுக்கு மூன்று பவுனுக்கும் குறைந்த விலை. மொத்தம் 50 ஆயிரம் பவுன்கூடத் தேறவில்லை. தூத்துக்குடிச் சுதேசிக் கம்பெனியின் மூலதனம் பவுன் கணக்கில் 66 ஆயிரம். கடைசிக் கணக்கில் யார் பெரியவர், பார்த்தீர்களா?

வானத்தில் இருந்து வந்த எமன்

இதற்குப் பிறகும் உலகத்துக்குப் புத்தி வரவில்லை. இன்னும் பெரிய கப்பல்களைக் கட்டினார்கள்.

1941-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி. "பிரின்ஸ் ஆப் வேல்ஸ்", "ரிப்பல்ஸ்" என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவை இனி ஜப்பான்காரன் தொட முடியாது என்றார்கள். தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர்களும் நம்பியிருப்பார்கள்.

எட்டே நாள்! டிசம்பர் 10-ந் தேதி, குவாந்தான் அருகே ஜப்பானிய விமானங்கள் வந்தன. இரண்டு மணி நேரத்தில் இரண்டு கப்பல்களும் அடியில் போய்விட்டன. 840 பேர் மாண்டார்கள். ஜப்பான் இழந்த விமானங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மலாயாத் தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. பீரங்கிக் கப்பலின் தோல்வி தமிழன் வீட்டுக்குள் வந்து விழுந்தது இப்படித்தான்.

ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திரிகோணமலை. மட்டக்களப்புக்கு எதிரே "ஹெர்மிஸ்" என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்தச் சமயம் இந்துமகா சமுத்திரத்தில் பிரிட்டிஷாரிடம் ஐந்து பீரங்கிக் கப்பல்கள் இருந்தன! என்ன செய்தன? ஆப்பிரிக்கக் கரைக்கும் பம்பாய்க்கும் விலகிப் போய்விட்டன. சண்டைக்குப் போனால் மூழ்கிவிடும் என்று பயம். அஞ்சாத கப்பலின் பேரப்பிள்ளைகள் அஞ்சி ஓடின! சென்னையில் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனார்கள்.

உலகத்திலேயே மிகப் பெரிய பீரங்கிக் கப்பல் ஜப்பானின் "யமாட்டோ". பீரங்கி வாய் 46 செண்டிமீட்டர். 1945-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி அமெரிக்க விமானங்கள் அதையும் மூழ்கடித்தன. ஏறக்குறைய 3 ஆயிரம் பேர் அதோடு போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி ஜப்பான் சரண் அடைந்தது, அமெரிக்காவின் "மிசூரி" என்ற பீரங்கிக் கப்பலின் மேல்தளத்தில். பீரங்கிக் கப்பலுக்குக் கிடைத்த கடைசிப் பெரிய மரியாதை, மேஜை போட இடம் கொடுத்தது!

அப்படியானால் போர்க் கப்பலே வேண்டாமா?

அப்படிச் சொல்வது பேதைமை. 1942-ம் ஆண்டு கொழும்பு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காவல் இல்லாத கடல், கதவு இல்லாத வீடு.

ஆனால் காவல் என்பது உடம்பின் பருமனில் இல்லை. 1971-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இரவு இந்தியாவின் மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. ஒரு படகு 250 டன்கூட இல்லை! பாகிஸ்தானின் நாசகாரிக் கப்பல் ஒன்றையும் கண்ணிவாரிக் கப்பல் ஒன்றையும் அவை மூழ்கடித்தன. நான்கு நாள் கழித்து இன்னொரு படகு கராச்சி எண்ணெய்க் கிடங்குக்குத் தீ வைத்தது. எம்டன் சென்னையில் செய்த அதே வேலை! டிசம்பர் 4 இன்று இந்தியக் கடற்படை தினம்.

வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நியாயம் ஆகாது. டிசம்பர் 9-ந் தேதி பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று நம் "குக்ரி" கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். கப்பல் தலைவர் முல்லாவும் அவர்களில் ஒருவர்.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்திலேயே கடற்படை இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் விஜயநாராயணம். அங்கே 1990-ம் ஆண்டு முதல் இருக்கிறது "ஐ.என்.எஸ். கட்டபொம்மன்". பெயர் கப்பல் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் அது தரையில் உள்ள ரேடியோ நிலையம்! கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்து செய்தி போகிறது. சாதாரண ரேடியோ அலையைக் கடல் தண்ணீர் விழுங்கிவிடும். மிக நீளமான அலைதான் தண்ணீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அலை நீளம் என்றால் கம்பமும் உயரமாக வேண்டும். அங்குள்ள கம்பங்களின் உயரம் 471 மீட்டர்! பாரிஸ் நகரத்து ஈபில் கோபுரம் 330 மீட்டர்தான்.

பனங்காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு கடலுக்கு அடியில் பேசுகிறது ஒரு கம்பம். பீரங்கியும் தெரியாது, புகையும் தெரியாது. இன்றைய கடற்போர் அப்படி மாறிவிட்டது.

காவல்காரன் உண்டு, வண்டி எங்கே?

இந்தியாவே கட்டிய புதிய "விக்ராந்த்" விமானந்தாங்கிக் கப்பல் 2022-ம் ஆண்டு கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது. சுமார் 45 ஆயிரம் டன். செலவு ஏறக்குறைய 20 ஆயிரம் கோடி ரூபாய். பெருமைப்படலாம். தப்பில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அது காவல் காக்கும் கடல் பாதையில் போகும் சரக்கு யாருடைய கப்பலில் போகிறது?

1980-களில் இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கில் பத்தில் நான்கு பங்கு வரை இந்தியக் கப்பல்களில் போனது. இப்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லை! மற்றதெல்லாம் அந்நியக் கப்பல். கூலியும் அந்நியனுக்கு. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ம் ஆண்டு வ. உ. சி. பெயரை வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் துறைமுகத்தில் வந்து நிற்கும் பெரிய கப்பல்களின் கொடியை அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலும் வேறு நாட்டுக் கொடிதான் பறக்கும். அந்தக் கப்பல்களுக்கு உள்ளே போனால் வேலை செய்கிறவர்களில் நம் பையன்கள் இருப்பார்கள்! உலகக் கப்பல்களில் வேலை பார்க்கும் இந்திய மாலுமிகள் 2 லட்சத்துக்கு மேல். ஆள் நம்முடையவன். சரக்கு நம்முடையது. கப்பல் மட்டும் அடுத்தவனுடையது. 1906-ம் ஆண்டு வ. உ. சி. எதைப் பார்த்துக் கொதித்தாரோ, அதே கணக்கு!

"அந்நியக் கப்பலில் கூலி மலிவு, அதில் போனால் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். வெள்ளைக்காரன் இனாமாகக் குடை கொடுத்தானே, அதுவும் மலிவுதான். சுதேசிக் கப்பல் நின்ற பிறகு அந்தக் குடையை யாரும் தொடர்ந்து கொடுக்கவில்லை. இன்று உலகத்தில் எங்கோ ஒரு யுத்தம் வந்தால், கப்பல்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். உரமும் எண்ணெயும் விலை ஏறுகின்றன. அந்த விலையைக் கொடுப்பது சாத்தான்குளம் பஜாரில் மளிகை வாங்கும் குடும்பம்தான்.

சர்க்கார் போர்க் கப்பலுக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியைச் சரக்குக் கப்பலுக்குக் கொடுக்க வேண்டும். கப்பல் வாங்குகிறவனுக்கு நீண்ட காலக் கடன், குறைந்த வட்டியில் வேண்டும். கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலை வேண்டும். கரையோரத்துப் பிள்ளைகளுக்கு மாலுமிப் படிப்பு, ஏழை வீட்டால் தாங்கக்கூடிய செலவில் வேண்டும். இன்று அந்தப் படிப்புக்கு நிலத்தை விற்கிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள்.

இன்னொரு காரியமும் பாக்கி இருக்கிறது. டோகோவின் மிகாசாவை ஜப்பான்காரன் யோகோசுகாவில் வைத்துக் காட்டுகிறான். மிசூரியை அமெரிக்கன் ஹவாயில் வைத்திருக்கிறான். நம் பழைய விக்ராந்த் 1971-ம் ஆண்டு யுத்தத்தில் வங்கக் கடலைக் காத்த கப்பல். அதை 2014-ம் ஆண்டு உடைத்துவிட்டார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகப் போனது!

காலியாவும் லாவோவும் போன இடத்தில் புல்கூட முளைக்கவில்லை. தூத்துக்குடியில் கடற்கரை ஓரமாக அந்த இரண்டு கப்பல்களின் முழு அளவு மாதிரியைக் கட்டி வைக்கலாம். பிள்ளைகள் ஏறி இறங்கட்டும். வாசலில் அன்றைய கட்டணப் பலகையையும் தொங்கவிடலாம்: சுதேசிக் கப்பல், எட்டணா. வெள்ளைக்காரன் கப்பல், இனாம். பக்கத்தில் ஒரு குடை.